அவள் பெயர் இல்லாத ஜெபம்

“ஜெபம் பண்ணு. யாரு வேண்டாம்னா? என் பேரை மட்டும் விட்டுடு.”

“விட்டுடுன்னா?”

“விட்டுடுன்னா விட்டுடு. காலையில, சாயங்காலம், கூட்டத்துல, வீட்டுல, எங்கயும் என் பேரு உன் வாயில வரக் கூடாது.”

“பெத்தவ பிள்ளைக்காக ஜெபம் பண்ணக் கூடாதுன்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

“பார்த்துட்டல்ல. மூலையைப் பிடி.”

அம்மா மூலையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஒருமுறை உதறி, நீளவாக்கில் மடித்துக்கொண்டு, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். வந்து சேரும் இடத்தில் மூலையோடு மூலை சேரும். விரலும் விரலும் தொட்டுக்கொள்ளும். ஒருத்தி மூலைகளை வாங்கிக்கொள்வாள். மற்றவள் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடியும் வருவாள். ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு. அன்று அந்தப் பேச்சுக்குப் பிறகு மிச்சமிருந்த அறுபத்துச் சொச்சத்தையும் இருவரும் ஒரு வார்த்தை இல்லாமல் மடித்து முடித்தார்கள்.

மறுநாளிலிருந்து மகள் அம்மாவை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். “மூலையைப் பிடிங்க,” என்றாள். துணி வாங்க வரும் ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் பேசுகிற அதே குரல்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒரு சந்து தள்ளி இருந்தது. கீழே வேலை, மேலே வீடு. பின்கட்டில் பாய்லர். அதை அப்பா பார்த்துக்கொண்டார். அதிகம் பேசாதவர், பாய்லர் ஓடும்போது பேசினால் யாருக்கும் கேட்காது என்பதால் பேச்சே மறந்துவிட்டது என்று அம்மா சொல்வதுண்டு. பாய்லருக்கு அடுத்தது ‘சூட்டறை’. சுவரெல்லாம் நீராவிக் குழாய் ஓடும் அறை. ஈரத்துணியைக் கொடிகளில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். யாராவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், சூடு போகுது, சாத்து, என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். முன்னறையில் சன்னலோரம் தையல்காரி உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளைத் தைப்பாள். சொந்தக்காரி இல்லை. ஆனால் பதினாறு வருஷமாக அங்கேயே காலைத் தேநீர் குடிப்பவள்.

மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். வீடு இரண்டு தெரு தள்ளி. மாப்பிள்ளை சரக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் வெளியூர். காலையில் வந்து மாலை வரை அவள் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள்.

அம்மாவைத் தெருவில் எல்லோரும் ‘ஜெபக்காரம்மா’ என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் சபைக் கட்டடத்தின் பக்கத்து அறையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை அவள்தான் நடத்தினாள். பெண்கள் துண்டுச் சீட்டில் தங்கள் விஷயத்தை எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசித்து, கண்ணை மூடி, அந்தச் சீட்டு நனையும் அளவுக்கு ஜெபிப்பாள். வார்த்தைகளுக்கு அவளிடம் பஞ்சமே இருந்ததில்லை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது வந்து வாசலில் நிற்கும். புதிதாக வந்த போதகர்கூட, அம்மா ஜெபித்த பிறகு நான் பிரசங்கம் பண்ணுவது கஷ்டம், என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். தையல்காரி மட்டும், அக்கா கண்ணை மூடுறதுக்கு முன்னாடி வீட்டுல அடுப்பை அணைச்சோமான்னு ஒரு தடவை யோசிச்சுக்கணும் என்பாள்.

நடந்தது இதுதான்.

மகளுக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்திருந்தது. மூன்றாம் முறை தங்கியபோது கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எட்டாவது வாரத்தில் ஒரு நாள், சூட்டறையில் கொடியில் துணி போடும்போது, அம்மாவிடம் சொன்னாள். கதவு சாத்தியிருந்தது. இருவர் முகத்திலும் வேர்வை. அம்மா அவளைக் கட்டிக்கொள்ளப் போக, யாராவது வந்து பார்த்தா என்னன்னு கேப்பாங்க, சும்மா நில்லு, என்றாள். பிறகு, “யாருகிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டகூட நானே சொல்லிக்கிறேன். ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லு,” என்றாள்.

அம்மா அப்படியே செய்தாள். அந்த வெள்ளிக்கிழமை, எல்லாச் சீட்டையும் வாசித்து முடித்த பிறகு, ஆண்டவரிடம் சொன்னாள். பதினாலு பெண்கள் அறையில் இருந்தார்கள். பெயர் சொல்லவில்லை. “என் வயிற்றில் பிறந்தவளின் வயிற்றில் நீர் வைத்த அந்தச் சின்ன விளக்கை எந்தக் காற்றும் அணைக்காமல் காத்துக்கொள்ளும்,” என்றாள். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நாக்கில் வந்து உட்கார்ந்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. நல்ல வாக்கியம். அதை விட மனமில்லாமல் இன்னொரு முறையும் சொன்னாள். அவள் வயிற்றில் பிறந்தது ஒரே ஒருத்திதான் என்பது பதினாலு பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி பழம் கொண்டுவந்தாள். ஒருத்தி தன் பேத்திக்குப் பின்னிய கம்பளித் தொப்பியைக் கொடுத்து, முன்கூட்டியே இருக்கட்டும் என்றாள். மகள் துணிக் கட்டைத் தூக்கப் போனால் தையல்காரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். மகள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் அவள் சொல்லிக்கொள்ள நினைத்த விஷயம் துணி எடுக்க வந்த ஆஸ்பத்திரி வார்டு ஆயா மூலமாக அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பதினோராம் நாள் விடியும்போது கலைந்துவிட்டது. மாப்பிள்ளை ஊரில் இல்லை. அவளே தனியாக எழுந்து, அவளே விரிப்பை உருவி, பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டாள். ரத்தக் கறைக்கு முதலில் வெந்நீர் ஆகாது. வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும். சலவைக்கார வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அந்த நேரத்திலும் கை அதை மறக்கவில்லை. அந்த விரிப்பு காய்வதற்குள், எப்படியோ விஷயம் தெரிந்து, பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அன்று மாலைக்குள் ஏழு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எட்டாவதாக வந்தவள் கம்பளித் தொப்பிக்காரி. அதை எப்படித் திருப்பிக் கேட்பதென்று தெரியாமல் நின்றாள். மகளே எடுத்துவந்து கொடுத்தாள்.

“ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுன்னுதானே சொன்னேன்,” என்றாள் மகள், அம்மா வந்தபோது.

“ஆண்டவர்கிட்டதான்டி சொன்னேன்.”

“பதினாலு பேரைப் பக்கத்துல வச்சுக்கிட்டா?”

அம்மாவுக்கு அப்போதும் புரியவில்லை. தான் சொன்னது ஆண்டவரிடம். மற்றவர்கள் பக்கத்தில் இருந்தார்கள், கேட்டது அவர்கள் காது, அதற்குத் தான் என்ன செய்வது என்றே உண்மையாக நினைத்தாள். ஒரு வாரம் கழித்து மகள் வேலைக்குத் திரும்பிய அன்று, இவ்வளவு துக்கத்திலும் உனக்காக மூணு நாள் உபவாசம் இருந்தேன், கூட்டத்தில் எல்லோரும் உன் பெயரைச் சொல்லி அழுதோம், என்று ஆறுதலாகச் சொல்லப் போய்த்தான் அந்தப் பேச்சு வந்தது. என் பேரை மட்டும் விட்டுடு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரத்துக்கு மேல் வெயிலே இல்லை. மாடியில் காயப்போட முடியாமல் எல்லாத் துணியும் சூட்டறைக்கே வந்தது. வேலைக்கு வரும் இரண்டு பெண்கள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் கூட்டம், மூட்டை மூட்டையாக விரிப்பு வந்து குவிந்தது. எல்லோரும் நின்றுகொண்டே ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். தேநீரில்கூட சோப்பு வாடை அடித்தது. அம்மாவும் மகளும் விரிப்பைப் பிடித்து நடந்து நடந்து வந்தார்கள், விலகிப் போனார்கள். வருகிற ஒவ்வொரு முறையும் மகளுடைய முகம் ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சாப்பிட்டாளா என்று கேட்க அம்மாவுக்கு வாய் வரும். ஆச்சுங்க என்று பதில் வருமோ என்ற பயத்தில் கேட்கமாட்டாள்.

மகள் சொன்னபடி நடக்க வேண்டும் என்று அம்மா தீர்மானித்திருந்தாள். முதலில் வீம்பு. எத்தனை நாள் பார்க்கலாம் என்ற நினைப்பு. காலை ஐந்து மணிக்குக் கட்டிலருகே முழங்காலில் நிற்பாள். சபை, போதகர், ஆஸ்பத்திரி நோயாளிகள், கணவர் என்று வரிசையாக வரும். அடுத்தது மகள். அங்கே வாய் நின்றுவிடும். மாடிப்படியில் ஒரு படி இல்லாத இடத்தில் கால் வைத்தது போல ஒரு கணம் உடம்பு தடுமாறும். இரண்டாம் நாள், இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டை ஆசீர்வதியும் என்று சொல்லிப் பார்த்தாள். அது ஏமாற்று என்று அவளுக்கே தெரிந்தது. மூன்றாம் நாள், யாரைச் சொல்கிறேன் என்று உமக்குத் தெரியும் என்றாள். அதுவும் அதேதான்.

அந்தப் பெயர் இல்லாமல் மற்றதைச் சொல்லி முடித்தபோதுதான் ஒன்று காதில் விழுந்தது. சபைக்காகவும் போதகருக்காகவும் அவள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகை பார்ப்பது போல் இருந்தன. யாருமில்லாத அறையிலும் ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு. ஒரு வாக்கியம் நன்றாக அமைந்தால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி மனசு ஒரு முடிச்சுப் போட்டது. எத்தனை வருஷமாக இப்படி என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

இருந்தும் அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கூட்டத்துக்குப் போனாள். மழையில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். சீட்டுகளை வாசித்தாள். காய்ச்சல்காரர்களுக்காக ஜெபித்தாள். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எப்படி அங்கே திரும்பியது என்று தெரியாது. பெயர் சொல்லவில்லை, மகள் என்றுகூடச் சொல்லவில்லை. “பெற்ற தாயின் கண்ணீரை அறியாத இருதயங்களைத் தொடும். கல்லாகிப் போனதை உருக்கும்,” என்றாள். அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒன்பது பேரும் சேர்ந்து விட்ட மூச்சு. பக்கத்திலிருந்து யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். சூட்டறையிலிருந்து அப்போதுதான் எடுத்த விரிப்பை நெஞ்சோடு அணைத்தது போல் இதமாக இருந்தது அது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. அடுத்த வாக்கியம் வாசலில் வந்து நின்றது. அதற்காக வாயைத் திறந்தவள், தான் எதற்காகத் திறக்கிறோம் என்பதைப் பார்த்துவிட்டாள்.

உட்கார்ந்துவிட்டாள். ஆமென் சொல்லவில்லை.

தகரக் கூரையில் மழை கேட்டது. யாரோ இருமினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறை அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்ததில்லை. தையல்காரி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாக நகர்ந்து வந்து, “அக்கா, தண்ணி வேணுமா?” என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். ரத்த அழுத்தம்தான் என்று இரண்டு பேர் முடிவு கட்டி, அவளைக் குடைபிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பிஸ்கட் டப்பாவை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவள் முழங்காலில் நிற்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தேநீர் போட்டு, ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பாய்லர் பற்றவைத்த பிறகு அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட இருபது நிமிஷம் ஆகும். அதுவரை கணவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷமாக அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். இன்றைக்குப் பார்த்தால் கண் மூடியிருந்தது. கை இரண்டும் முழங்கால் மேல், உள்ளங்கை மேலே பார்த்தபடி. தூங்கிவிட்டாரா என்று பார்த்தாள். உதடு இலேசாக அசைந்தது, பிறகு அசையவில்லை.

டம்ளரைக் கீழே வைத்த சத்தத்தில் கண்ணைத் திறந்தார்.

“ஜெபம் பண்றீங்களா?”

“ம்.”

“எத்தனை நாளா?”

“பாய்லர் வந்ததுலேருந்து.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே.”

“நீ கேட்டதில்லை.” கொஞ்சம் சிரித்தார். “சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமை ஒன்பதாம் சீட்டுல நான் வந்திருப்பேன்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் ஒரு துணிமூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்லி ஜெபம் பண்ணுவீங்க என்று கேட்டாள். அவர் முள்ளைப் பார்த்தார். வார்த்தையெல்லாம் வீட்டில் நீயே எடுத்துக்கொண்டாய், எனக்கு மிச்சமில்லை என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் குரல் நடுவில் மாறிவிட்டது. “பேரு மட்டும் சொல்லுவேன். உன் பேரு, பாப்பா பேரு, மாப்பிள்ளை பேரு. தையல்காரி பேரு. அன்னைக்கு வார்டுல யாராவது செத்துப்போயி ஷீட்டு தனியா கட்டி வந்திருந்தா, பேரு தெரியாது, அந்த ஷீட்டுன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்.”

“பாப்பா பேரு சொல்லாதன்னு சொல்லிட்டாளே.”

“உன்னைத்தானே சொன்னா. என்னைச் சொல்லலையே.”

பாய்லர் உள்ளே முனகியது. அவர் எழுந்து ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அந்த மூணு பேருக்கும் பேரு இல்ல,” என்றார். “அதனால அவங்க முறை வரும்போது மட்டும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்.”

 கரு கலைந்த மூன்று முறையும் அவள் எவ்வளவோ ஜெபித்திருக்கிறாள். தாங்கும் பலத்துக்காக, அடுத்த முறைக்காக, சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும் நாளுக்காக. அவர்களுக்காகச் சும்மா இருந்ததில்லை. முள் கோட்டைத் தொடும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் ஆறிப்போயிற்று.

அன்றிலிருந்து தினமும் அவள் துணிமூட்டையின் மேல் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் சுலபமாக இல்லை. முதல் நாள் கஞ்சிப்பசை தீர்ந்துவிட்டது ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் தூங்கி அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் மகளோடு மனசுக்குள் ஒரு முழுச் சண்டை போட்டு, அதில் ஜெயித்தும்விட்டாள். முள் கோட்டைத் தொட்டபோது ரொம்ப வெட்கமாக இருந்தது. வார்த்தைகள் பழக்கத்தில் வந்து வாசலில் நிற்கும். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாரும் கூப்பிடாவிட்டால் அவையும் கொஞ்ச நேரத்தில் போய்விடுகின்றன என்று தெரிந்தது. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, நான் அவளைக் காட்டி என்னைப் பெரிசாக்கிக்கொண்டேன், என்று ஒரு வாக்கியம் வந்தது. அதில் அழகு எதுவும் இல்லை. அது போகவில்லை, அன்று முழுக்க, விரிப்பு மடிக்கும்போதும், கூடவே இருந்தது. மகள் பெயர் வரும் இடத்தில் அவள் நின்றாள். இப்போது வீம்பு இல்லை. கேட்காமல் எடுக்கக் கூடாத ஒரு பொருள் அங்கே இருப்பதாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடந்தது. ஆனால் சீட்டில் விஷயத்தை எழுத வேண்டாம், பெயர் மட்டும் எழுதுங்கள், அதையும் அந்த ஆளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள். பெயரை வாசித்த பிறகு எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பதினாலு பேர் ஏழாகிவிட்டார்கள். ருசியே போச்சு அக்கா, என்றாள் தையல்காரி. ஒருத்தர் வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரிய மாட்டேங்குது. ஆனால் அவள் வருவதை நிறுத்தவில்லை. தன் பெயரையே ஒரு சீட்டில் எழுதி இரண்டு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மழை விட்ட முதல் நாள் மாடி முழுக்க விரிப்பு காய்ந்தது. அம்மாவும் மகளும் அங்கேயே நின்று மடித்தார்கள். காற்று பலமாக இருந்தது. ஒவ்வொரு விரிப்பும் இருவருக்கும் நடுவில் வயிறு உப்பி எழுந்து, தட்டித் தட்டி அடங்கியது. வெளிச்சத்தில் வெள்ளையைப் பார்க்கக் கண் கூசியது. பாதி மடித்திருப்பார்கள். மகள் மூலைகளோடு நடந்து வந்தாள். விரல்கள் தொட்டன. அம்மா மூலையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்ட, மகள் விடவில்லை.

“கூட்டத்துல பாதியில உட்கார்ந்துட்டியாமே,” என்றாள். “தையல்காரி சொன்னா. ஆமென்கூடச் சொல்லலையாம்.”

‘நீங்க’ இல்லை. அம்மா அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“ஆமா.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உன்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டேன். பேரு சொல்லல. ஆனா உன்னைப் பத்திதான். எல்லாரும் உச்சுக்கொட்டினாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு.” அவள் நிறுத்திக்கொண்டாள். “அப்பதான் தெரிஞ்சுது, அன்னைக்கும் அப்படித்தான் இருந்திருக்குன்னு. நீ சூட்டறையில சொன்னதை எடுத்துட்டுப் போயி அங்க வச்சேன். விளக்கு அது இதுன்னு. அது ஜெபமே இல்லடி.”

 காற்று விரிப்பின் தொங்கும் பக்கத்தைத் தூக்கி இருவர் முழங்காலிலும் அடித்தது. கீழே அப்பா ஏதோ ஒரு குழாயைத் தட்டும் சத்தம் கேட்டது.

“இப்ப என்ன பண்ற காலையில?”

“அப்பா பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். முள்ளு ஏறுற வரைக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அவரு எல்லார் பேரும் சொல்லுவாரு. எனக்குச் சில பேருதான் வருது. ஒரு இடம் காலியாவே விட்டு வச்சிருக்கேன்.”

மகளுடைய கண் விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே தையல்காரி போட்ட சின்ன ஒட்டு ஒன்று, வெள்ளை மேல் வெள்ளை. அவள் கட்டைவிரல் அதன் மேல் போய்ப் போய் வந்தது. மூலையை இன்னும் அவள்தான் பிடித்திருந்தாள். அம்மாவும் பிடித்திருந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள் அம்மா.  இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ கேட்டிருக்கிறாள். இதற்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. “சத்தமா இல்ல. யாரு முன்னாடியும் இல்ல. உனக்கு என்ன வேணும்னு நானா எதுவும் சேர்க்க மாட்டேன். பாய்லர்கிட்ட உட்கார்ந்து, உள்ளுக்குள்ள, ஒரே ஒரு தடவை... உன் பேரைச் சொல்லிக்கட்டுமா?”